விதி எழுதப்படும் முன்னரே ஒலிக்க வேண்டிய குரல்

(அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், வாசிங்டனில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெற்ற எஃப்-1 விசா மாணவர்கள், வழக்கமான 12 மாதப் பணிப்பயிற்சிக்கு மேல் இன்னும் 17 மாதங்கள் பணியாற்ற இடமளித்த விதி செல்லாது என்பதே அத்தீர்ப்பு. அவ்விதியால் பயன்பெற்றவர்களுள் இந்தியாவிலிருந்து வந்த மாணவர் பெருந்தொகையினர். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் பலர். வீட்டை அடகு வைத்துக் கல்விக் கடன் பெற்ற பெற்றோருக்கு, அந்த 17 மாதங்கள் கடன் அடைபடும் காலம். ஒரே நாளில் அது கேள்விக்குறியாயிற்று.

விதி தீயது என்று நீதிமன்றம் கூறவில்லை. அத்தகைய விதியை இயற்ற உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அதிகாரம் இல்லை என்றும் கூறவில்லை. 2008 ஏப்ரலில் அவ்விதியை வெளியிட்டபோது, பொதுமக்களின் கருத்தை முன்கூட்டியே கேட்கவில்லை. கேளாமல் விடுவதற்குரிய அவசர நிலை இருந்ததென்றும் துறை மெய்ப்பிக்கவில்லை. இஃது ஒன்றே நீதிமன்றம் கண்ட குறை. ஏழாண்டுகளாக நடைமுறையில் இருந்த விதி, முதல் நாளில் செய்யத் தவறிய ஒரு செயலுக்காக வீழ்ந்தது.

அந்தச் செயலுக்குப் பெயர் அறிவிப்பும் கருத்தும். இவ்வுரையின் பொருள் அதுவே.

சட்டமன்று, விதி

வாழ்க்கையை ஆள்வது நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அமெரிக்கக் காங்கிரசு பெரும்பாலும் பொதுவான சொற்களில் சட்டம் இயற்றி, அதன் நுண்பகுதிகளை நிரப்பும் பொறுப்பை முகமைகளிடம் ஒப்படைத்து விடுகிறது. குடிநீரில் ஈயம் எவ்வளவு இருக்கலாம், வானூர்தி பிந்தினால் பயணிக்கு என்ன உரிமை, எச்-1பி பணியாளரின் வாழ்க்கைத்துணை வேலை செய்யலாமா என்பனவெல்லாம் முகமைகள் எழுதும் விதிகளால் முடிவாகின்றன. அவ்விதிகளுக்குச் சட்டத்திற்குரிய வலிமை உண்டு. அவற்றை எழுதும் அலுவலர்களோ எவராலும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

தேர்ந்தெடுக்கப்படாதவர் எழுதும் விதிக்கு மக்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடியே, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அமெரிக்காவில் நிருவாக நடைமுறை பற்றிய ஆய்வு நடந்து வருகிறது.

எவரும் அறியாத விதி

1930களின் தொடக்கத்தில், முகமைகள் வெளியிட்ட ஆணைகளைத் தொகுத்துக் காண ஓரிடமும் இல்லை. இதன் கேடு உச்ச நீதிமன்றத்திலேயே வெளிப்பட்டது. டெக்சாசில் அனுமதித்த அளவுக்கு மேல் எண்ணெய் எடுத்ததாகச் சிலர்மீது குற்றம் சாட்டப்பட்டது, சிறைக்காவலும் நேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. அவர்கள் மீறியதாகக் கூறப்பட்ட பிரிவு, 1933 செப்டம்பரில் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தின்போது தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது. குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் விசாரித்த கீழ் நீதிமன்றங்களும், இல்லாத ஒரு விதியைப் பற்றியே வழக்காடி வந்திருந்தனர்.

1935 சனவரியில் அவ்வழக்கில் தீர்ப்பு வெளியாயிற்று. அதே ஆண்டு கூட்டாட்சி அரசிதழ்ச் சட்டம் நிறைவேறியது. 1936 மார்ச்சில் 'பெடரல் ரெஜிஸ்டர்' என்னும் அரசிதழின் முதல் இதழ் வந்தது. தமிழ்நாட்டில் அரசிதழ் என்றும் இலங்கையில் வர்த்தமானி என்றும் அறியப்படுவதற்கு ஒப்பானது அது. விதியை மறைவில் வைத்து எவரையும் தண்டித்தல் ஆகாது என்னும் முதற்படி இவ்வாறு அமைந்தது.

வெளியிடுவது மட்டும் போதுமா, எழுதும் முன் கேட்க வேண்டாமா என்பது அடுத்த படி. 1939இல் தலைமை வழக்கறிஞரின் குழு ஒன்று அமைக்கப்பட்டது. டீன் அச்சிசன் அதன் தலைவரானார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கெல்கார்ன் ஆய்வுப் பணியை நெறிப்படுத்தினார். ஆய்வாளர்கள் ஒவ்வொரு முகமைக்கும் சென்று, அங்கு முடிவுகள் உண்மையில் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்று கண்டு, தனித்தனி ஆய்வேடுகளாக எழுதினர். 1941இல் குழுவின் அறிக்கை வந்தது. போர் முடிந்தபின், 1946 சூன் 11 அன்று அதிபர் துரூமன் நிருவாக நடைமுறைச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின் நெறி எளியது. முகமை தான் எழுதக் கருதும் விதியை முதலில் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அக்கறையுள்ளோர் எழுத்தில் கருத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும். கருத்துகளைக் கருதிப் பார்த்து, விதியின் அடிப்படையையும் நோக்கையும் விளக்கி இறுதி விதியை வெளியிட வேண்டும். முதன்மையான கருத்துகளுக்கு விடையளிக்காமல் விட்டால், நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளக்கூடும்.

இதில் புலம்பெயர்ந்தோர் கூர்ந்து நோக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. கருத்துரைக்கும் உரிமையைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் அளிக்கவில்லை. அக்கறையுள்ள எவருக்கும் அளிக்கிறது. வாக்குரிமை இல்லாத எஃப்-1 மாணவரும் எச்-4 விசாவில் வாழும் தாயும் பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் தந்தையும் இவ்வாசலில் நுழையலாம். அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல்கள் மிகச் சிலவே, அவற்றுள் இஃதொன்று.

பின்வாசல்

நெறி எளியதாயினும் விலக்குகள் உண்டு. முன்கருத்துக் கேட்பது இயலாதது, தேவையற்றது அல்லது பொதுநலனுக்கு முரணானது என முகமை தக்க காரணம் காட்டினால், கேளாமலே விதியை வெளியிடலாம். வெள்ளமோ கொள்ளைநோயோ வந்துற்ற வேளையில் இரண்டு மாதம் காத்திருக்க இயலாதன்றோ! ஆயினும் விலக்காக வைத்த வாசல் வழக்கமான வழியாகிவிடும் இடர் உண்டு. 2003 முதல் 2010 வரை வெளியான விதிகளை அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் ஆய்ந்து, 2012இல் அறிக்கை அளித்தது. பெருந்தாக்கமுள்ள விதிகளில் ஏறத்தாழ 35 விழுக்காடும், ஏனையவற்றில் ஏறத்தாழ 44 விழுக்காடும் முன்னறிவிப்பு இன்றியே வெளியாகியிருந்தன என்பது அதன் முடிவு.

2020 அக்டோபர் 8 அன்று தொழிலாளர் துறை, எச்-1பி உள்ளிட்ட பணியாளர்களுக்குரிய குறைந்தபட்ச ஊதிய நிலைகளைப் பெருமளவு உயர்த்தி, முன்கருத்துக் கேளாமல் உடனடியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொள்ளைநோயால் விளைந்த வேலையிழப்பே காட்டப்பட்ட காரணம். வேலையிழப்பு மார்ச்சிலேயே தொடங்கியிருக்க, மாதக்கணக்கில் வாளாவிருந்துவிட்டு அக்டோபரில் அவசரம் என்பது பொருந்தாது எனக் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2020 திசம்பர் 1 அன்று அவ்விதியை நீக்கியது.

இந்த இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 2015இல் வீழ்ந்தது அயல்நாட்டு மாணவருக்கு நன்மை செய்த விதி. 2020இல் வீழ்ந்தது அயல்நாட்டுப் பணியாளருக்கு இடர் செய்த விதி. முதல் தீர்ப்பு வந்தபோது வருந்திய அதே குடும்பங்கள், இரண்டாம் தீர்ப்பு வந்தபோது மகிழ்ந்தன. இரண்டையும் வீழ்த்தியது ஒரே குறை. தனக்கு வேண்டியவருக்காக வேலியைத் தாண்டும் அரசு, நாளை தனக்கு வேண்டாதவர்மீதும் அதே வேலியைத் தாண்டும். ஆகவே நன்மை தரும் விதியாயினும் முறைப்படி வருக என்று கேட்பதே புலம்பெயர்ந்தோருக்கு நெடுநாள் காப்பு.

மாணவர் விதியின் பிற்கதை இதனை உறுதிசெய்கிறது. நீதிமன்றம் தன் தீர்ப்பு நடைமுறைக்கு வருவதை ஒத்திவைத்துக் காலம் கொடுத்தது. 2015 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, வரைவு விதியை முறைப்படி அறிவித்தது. 50,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. 2016 மார்ச்சில் வெளியான இறுதி விதி, 17 மாதத்தை 24 மாதமாக உயர்த்தியது. அதனை எதிர்த்தும் வழக்குத் தொடரப்பட்டது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ஏற்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. கேளாமல் எழுதியது வீழ்ந்தது. கேட்டு எழுதியது வழக்கைத் தாங்கி நின்றது.

இவை பழங்கதைகள் அல்ல. 2025 அக்டோபர் 30 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஓர் இடைக்கால இறுதி விதியை வெளியிட்டது. பணி அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தோருக்குக் கிடைத்துவந்த தானியங்கு நீட்டிப்பை, அந்நாள் முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அது நிறுத்தியது. எச்-4 விசாவில் பணிபுரியும் துணைவியரும் துணைவரும் அதனால் தாக்கமுற்றோருள் அடங்குவர். அவ்விதிக்கும் கருத்துக் கேட்கப்பட்டது. விதி நடைமுறைக்கு வந்த பின்னர்.

ஆய்வுக்கென ஓர் அவை

முகமைகளின் நடைமுறையை ஆய்ந்து திருத்தம் கூறுவதற்கென்றே அமெரிக்க நிருவாக மாநாடு என்னும் அமைப்பை 1964இல் காங்கிரசு உருவாக்கியது. 1968இல் அது செயற்படத் தொடங்கியது. பெயர் மாநாடாயினும் அது நிலையான ஒரு கூட்டாட்சி முகமையே. அரசு அலுவலர்களும் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் அதில் உறுப்பினராவர். ஆய்வாளர் ஒருவர் ஒரு சிக்கலை ஆய்ந்து அறிக்கை தருவார். குழு அதனை விவாதிக்கும். பின்னர் பேரவை கூடிப் பரிந்துரையாக ஏற்கும். பரிந்துரைக்குக் கட்டாயப்படுத்தும் ஆற்றல் இல்லை. ஆயினும் சில பரிந்துரைகள் சட்டமாகவே மலர்ந்துள்ளன. முரண்பட்ட தரப்புகளை ஒரே மேசையில் அமர்த்தி வரைவு விதியை உருவாக்கும் முறையை 1982இல் அவ்வமைப்பு பரிந்துரைத்தது. 1990இல் காங்கிரசு அதற்கெனச் சட்டம் இயற்றியது.

1995இல் காங்கிரசு நிதியை நிறுத்தவே அமைப்பு மூடப்பட்டது. அதனை மீட்கக் குரல் கொடுத்தவர்களுள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அன்டனின் சுகாலியாவும் இசுடீபன் பிரேயரும் அடங்குவர். சுகாலியா 1972 முதல் 1974 வரை அவ்வமைப்பின் தலைவராக இருந்தவர். சட்டத்தைப் பொருள்கொள்ளும் முறையில் எதிரெதிர்த் துருவங்களாக விளங்கிய அவ்விருவரும், இந்த அமைப்பு வேண்டும் என்பதில் ஒன்றுபட்டுக் காங்கிரசு குழுவின்முன் சான்றுரைத்தனர். 2010இல் அமைப்பு மீண்டும் உயிர்பெற்றது. 2024 திசம்பரில் அது ஏற்ற பரிந்துரைகளுள் ஒன்று, மேலே கூறிய தக்க காரண விலக்கைப் பற்றியது. அவ்விலக்கைப் பயன்படுத்தும் முகமைகளும் பொதுமக்களின் கருத்தைப் பெறும் வழிகளைக் கைவிடலாகாது என்பதே அதன் சாரம்.

எண்ணிக்கையும் எடையும்

2003இல் கூட்டாட்சி விதிகளுக்கு இணையவழியே கருத்துரைக்கும் பொதுத்தளம் தொடங்கப்பட்டது. எளிய மக்களின் குரல் இனி அரசை எட்டும் என்று பலரும் நம்பினர். நம்பிக்கையில் ஒரு பகுதியே நிறைவேறியது.

2017இல் இணையச் சமநிலை விதிகளை நீக்கும் முன்மொழிவுக்குக் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் கருத்துக் கேட்டபோது, ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் கருத்துகள் வந்து குவிந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அதனை விசாரித்து, 2021 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் போலியானவை. 85 இலட்சம், அகலப்பட்டை நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பரப்புரையில் பிறர் பெயரால் அனுப்பப்பட்டவை. 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், இல்லாத பெயர்களை உருவாக்கித் தனியொருவராக 77 இலட்சம் கருத்துகளை மறுபக்கத்திற்கு ஆதரவாக அனுப்பியிருந்தார். அதே ஆண்டு நிருவாக மாநாடு, திரள்கருத்துகளையும் கணினி எழுதிய கருத்துகளையும் பொய்ப்பெயர்க் கருத்துகளையும் முகமைகள் கையாள வேண்டிய முறை பற்றிப் பரிந்துரை அளித்தது.

இதில் தெளிய வேண்டிய உண்மை ஒன்று: கருத்துரைத்தல் வாக்கெடுப்பு ஆகாது. பதினாயிரம் பேர் ஒரே படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால், அலுவலர் அதனை ஒரே வாதமாகத் தொகுத்துவிடுகிறார். பத்தோடு பதினொன்றாக அது கரைந்துபோகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகளை ஆராய்ந்த அறிஞர்கள், திரள்கருத்துகளைவிடச் சான்றும் தரவும் கொண்ட விரிவான கருத்துகளுக்கே முகமை கூடுதலாகச் செவிசாய்த்தது எனக் கண்டனர். வணிக நிறுவனங்களின் கருத்துகள் விதிகளை மாற்றுவதில் மிகுந்த செல்வாக்குப் பெற்றுள்ளன என்பதைப் பிறிதோர் ஆய்வு 2006இல் காட்டியது. வழக்கறிஞரும் பொருளியலாளரும் வைத்திருப்போருக்கு இவ்வாசல் அகலமாகவும், ஏனையோருக்குக் குறுகலாகவும் இருப்பது மறைக்க இயலாத குறை.

அக்குறையைத் தீர்க்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஒரு முயற்சி செய்தனர். பேராசிரியர் சிந்தியா பரினா முதலானோர், போக்குவரத்துத் துறையுடன் இணைந்து, வரைவு விதிகளை எளிய மொழியில் சுருக்கி மக்கள்முன் வைத்தனர். பொதுவாகச் சொல்வோரிடம் "எப்போது நடந்தது? எவ்வளவு இழப்பு?" என்று திருப்பிக் கேட்கப் பயிற்சி பெற்றோரை அமர்த்தினர். வானூர்திப் பயணிகளின் உரிமை பற்றிய வரைவு அவ்வாறு 2010இல் விவாதிக்கப்பட்டது. அம்முயற்சி காட்டிய பாடம் தெளிவானது: எளிய மனிதரிடம் நிறுவனங்களிடம் இல்லாத ஓர் அறிவு உண்டு. அது விதி உண்மையில் எவ்வாறு வந்து தாக்குகிறது என்னும் பட்டறிவு. அதனை வெளிக்கொணர ஒருவர் துணைநிற்றல் வேண்டும், அவ்வளவே.

எச்-4 விதி காட்டும் வழி

2014 மே மாதம், பச்சை அட்டைக்கான வரிசையில் குறிப்பிட்ட நிலையை அடைந்த எச்-1பி பணியாளரின் துணைவருக்குப் பணி அனுமதி வழங்கும் வரைவு விதி அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 13,000 கருத்துகள் வந்தன. பட்டமும் பணித்திறனும் பெற்றிருந்தும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் அடைபட்ட நிலை, ஒற்றை வருவாயில் குடும்பம் படும் பாடு ஆகியவற்றைப் பலர் எழுதினர். எதிர்த்தும் பலர் எழுதினர். 2015 பிப்ரவரியில் இறுதி விதி வந்தது. இருதரப்பு வாதங்களுக்கும் அதன் விளக்கவுரையில் விடையிருந்தது. எச்-4 விசாவினர் அனைவருக்கும் அனுமதி வேண்டும் என்ற வேண்டுகோளைத் துறை ஏற்கவில்லை. ஏற்காமைக்குக் காரணமும் கூறியது. அவ்விதியை இயற்றும் அதிகாரத்தை எதிர்த்த வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை எடுத்துக்கொள்ள மறுத்ததோடு முடிந்தது.

இடையில், 2017 முதல் அவ்விதியை நீக்கும் திட்டம் அரசின் நிரலில் இருந்தது. முறைப்படி எழுதிய விதியை நீக்கவும் அதே முறை வேண்டும்: வரைவு, கருத்து, காரணம். மகிழுந்துப் பாதுகாப்பு விதி ஒன்றைப் போதிய காரணமின்றி நீக்கியது தவறென உச்ச நீதிமன்றம் 1983இலேயே தீர்ப்பளித்திருந்தது. நீக்கும் வரைவு வெளிவராமலே 2021 சனவரியில் கைவிடப்பட்டது.

குடும்பத்தார் செய்யக்கூடியது

பெற்றோரே, இளையோரே! அடுத்த வரைவு விதி வெளியாகும்போது, கையொப்பப் படிவம் வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. அரசிதழில் வந்த வரைவின் முன்னுரையைப் படித்தல் முதற்பணி. முகமை எதைக் கேட்கிறது என்பது அங்கே கேள்விகளாகவே எழுதப்பட்டிருக்கும். கடைசி நாளையும் கோப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுதல் அடுத்தது. கருத்துரைக்கும் காலம் சிலவேளை 60 நாள், சிலவேளை 30 நாளே.

குடியேற்ற விதிகளுக்கான கருத்துகள் ஆங்கிலத்தில் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இருக்க வேண்டும் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. இங்கேதான் இரு தலைமுறைகளின் உறவு பயன்பட வேண்டும். பட்டறிவு பெற்றோரிடம் உள்ளது. மொழி பிள்ளைகளிடம் உள்ளது. தாய் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எழுதலாம். அட்டை எந்த மாதம் காலாவதியானது, எத்தனை வாரம் ஊதியமின்றிக் கழிந்தது, நிறுவனம் அவ்விடத்திற்கு வேறொருவரை அமர்த்தியதா என்று மகள் கேட்க வேண்டும். "மிகவும் துன்பப்பட்டோம்" என்னும் ஒற்றை வரி அலுவலரை அசைக்காது. வாரங்களும் தொகைகளும் கொண்ட ஒரு பத்தி, அவர் விடை எழுத வேண்டிய சான்றாக மாறும். வரைவின் எந்தப் பிரிவு மாற வேண்டும், எச்சொற்களால் மாற வேண்டும் என்பதையும் எழுதினால், கருத்தின் எடை மேலும் கூடும்.

எழுதியவை எல்லாரும் காணுமாறு வெளியிடப்படும். ஆகவே விசா எண், சமூகப் பாதுகாப்பு எண் போன்றவற்றை எழுதலாகாது. பிறர் பெயரில் எழுதுதல் பெருந்தவறு. உண்மையான ஒரு கருத்து நிலைக்கும்; பொய்யான நூறு கருத்துகள் உண்மையானவற்றின் மதிப்பையும் கெடுக்கும்.

எழுதிய எல்லாம் ஏற்கப்படும் என்பதற்கு உறுதியில்லை. முகமை மறுக்கலாம், கேளாமலும் விடலாம். ஆயினும் கோப்பில் ஏறிய சான்று அழிவதில்லை. விதி பின்னொரு நாள் நீதிமன்றத்தில் ஆராயப்படும்போது, முகமையின்முன் என்ன வைக்கப்பட்டிருந்தது என்றே நீதிபதி பார்ப்பார். அன்று அந்தக் கோப்பில் தமிழ்க் குடும்பங்களின் பட்டறிவு இருத்தல் வேண்டும். விதி வந்தபின் வருந்துவோரைக் காட்டிலும், விதி எழுதப்படும் முன் எழுதுவோர் கூடுதலாக இருக்கும் சமூகமே தன் பிள்ளைகளின் வழியைக் காக்க வல்லது.